உடன் வருபவருக்கு இலவசம்

என்னை யாராவது 'பாவம்' என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பிரிக்பீல்ட்ஸில் கார் இன்சூரன்ஸ் புதுப்பித்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் வியாபாரம். வாசலில் நின்று என் காலைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்களுக்கு அன்றைக்கு என் கம்ப்யூட்டர் வேலை செய்யாது. "சிஸ்டம் டவுன் பாஸ், நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவேன்.

திருச்செல்வம் என் தம்பி. எனக்கும் அவனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். கிள்ளானில் வீடு, மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை, மனைவி தாமரை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்குப் போன் பண்ணுவான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கிள்ளானிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் ஒரு மனிதனுக்கு வயதாகிவிடும் என்பது ஃபெடரல் ஹைவேயில் மாட்டியவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவன் போன மாதம் ஒரு வேலை நாள் சாயங்காலம், கையில் வடைப் பொட்டலத்தோடு கடைக்குள் வந்து நின்றான்.

"அண்ணே, நம்ம டீம் வருதில்ல, புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துக்கு. நாம போலாமா?"

நம்ம டீம் என்றால் இங்கிலாந்து கிளப். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு பங்குகூடக் கிடையாது. இருந்தாலும் சின்ன வயதில் நான் அதைக் கும்பிட்டதால் அவனும் கும்பிட்டான். அவர்கள் இந்தப் பக்கம் வந்து நம் ஊர்ப் பையன்களோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் விலை தெரியுமாடா உனக்கு?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேண்ணே. நீங்க வந்தா போதும்."

உள்ளே சக்கர நாற்காலிக்கு இடம் போட என் ஓகேயு கார்டு வேண்டும் என்றான். ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டை அது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் போட்டோ பிடித்துக்கொண்டான்.

அவன் போனபிறகு விலையைத் தேடிப் பார்த்தேன். நான் இளவட்டமாக இருந்தபோது ஷா ஆலாமில் ஆட்டம் பார்க்க, வழியில் சாப்பிடுகிற நாசி லெமாக்கோடு சேர்த்து, சட்டைப் பையில் கிடக்கும் சில்லறை போதும். இப்போது ஆட்டக்காரர்கள் எறும்பாகத் தெரிகிற உச்சி வரிசை டிக்கெட் காசிலேயே தாமரை ஒரு மாதம் மளிகை வாங்கிவிடுவாள். உள்ளூர் லீக் ஆட்டமும் லேசுப்பட்டதில்லை. டிக்கெட், பார்க்கிங், பிள்ளைகளுக்கு ஒரு ஜெர்சி என்று போனால் குடும்பத்தோடு ஒரு சாயங்காலம் என்பது கனவுதான். திருவுக்கு ஓவர்டைமும் நின்றுவிட்டது என்று தாமரை முன்பே சொல்லியிருந்தாள். இவ்வளவு கஷ்டத்தில், என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. யாரும் பார்க்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் தேவலை. நான் தெரு முழுக்கச் சொன்னேன். இன்சூரன்ஸுக்கு வந்தவர்களிடம் சொன்னேன், பார்சல் கொண்டுவந்தவனிடம் சொன்னேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு போலி ஜெர்சி வாங்கினேன். மீசைக்கு மை அடித்தேன். பக்கத்தில் பலகாரக் கடை வைத்திருக்கும் சந்திரகலா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னா சுகு அண்ணே, பொண்ணு பார்க்கப் போறீங்களா?"

"தம்பி கூட்டிட்டுப் போறான்மா, மேட்சுக்கு. நான் வேணாம்னுதான் சொன்னேன், விடமாட்டேன்னு நிக்கிறான்."

வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

ஆட்டத்தன்று மத்தியானமே தயாராகி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ரயிலிலேயே போகலாம், ரோட்டு நெரிசலில் மாட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்குக் கஷ்டம்ணே, கார்லயே போயிடுவோம், உங்க ஓகேயு ஸ்டிக்கர் இருக்குல்ல, ஸ்டேடியம் கேட்டு கிட்டயே பார்க் பண்ணலாம்" என்றான் திரு. என்னைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்து, நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டான். அதையெல்லாம் அவன் மறக்கவில்லை என்பதே எனக்கு இனித்தது.

சுங்கை பெசிப் பக்கம் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. வழி காட்டுவதற்காக அவன் கைப்பேசியை முன்னால் மாட்டியிருந்தான். ஒரு குரல் செய்தி வந்தது. அதைத் தள்ளிவிடப் போன விரல் எங்கேயோ பட்டுவிட்டது. கார் ஸ்பீக்கர் வழியாக அவன் சிநேகிதன் குருவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"டேய் திரு, எங்கடா இருக்கே? உங்கண்ணன் கார்டு புண்ணியத்துல நீ ஃப்ரீயா உள்ள வந்துட்டே, நாங்கதான் லா கிட்னிய வித்து டிக்கெட் வாங்கியிருக்கோம். கேளு, நம்ம ராஜன் வரல, எங்க வரிசையில ஒரு சீட்டு காலி. அண்ணன உள்ள கொண்டுபோயி ஓரமா பார்க் பண்ணிட்டு இந்தப் பக்கம் வந்துடு."

திரு அவசரமாக அதை நிறுத்தினான். ஆனால் செய்தியே முடிந்துவிட்டிருந்தது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ஓகேயு கார்டு வைத்திருப்பவருக்குச் சலுகை விலை. உடன் வருபவருக்கு இலவசம். என்னோடு ஆட்டம் பார்க்க அவன் ஆசைப்படவில்லை. ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டான், அதற்கு நான் தேவைப்பட்டேன். கார்டு மட்டும் போதும் என்று கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். எதற்கு என்று ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்ததெல்லாம் வெட்கம். போலி ஜெர்சி, மை அடித்த மீசை, தெரு முழுக்கச் சொன்னது எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்து உடம்பு கூசியது. இறங்கிப் போய்விடலாம் என்றால் நான் எங்கே இறங்க?

"யாரு, குருவா?" என்றேன்.

"ஆமாண்ணே. சும்மா விளையாடுவான், அவன் வாய் அப்படி."

"நல்ல பையன்" என்றேன். அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

ஸ்டேடியம் வாசலில் ஒரு மலாய்க்காரப் பெண் எங்கள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு திருவின் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டினாள். அதில் 'பெஞ்சாகா' என்று எழுதியிருந்தது. பார்த்துக்கொள்கிறவர் என்று அர்த்தம். மலாயில் கோல் கீப்பருக்கும் அதே பேர்தான், பெஞ்சாகா கோல். விபத்துக்கு முன்னால் நான் கம்பெனி டீமுக்குப் பத்து வருடம் கோல் கீப்பராக இருந்தவன்.

"என் பதவிய உனக்குக் குடுத்துட்டாங்கடா" என்றேன். "பார்த்து, பந்து வந்தா விட்றாத."

சிரிக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் பட்டையைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டான்.

எங்களுக்குக் கொடுத்த இடம் நன்றாகவே இருந்தது. மைதானம் முழுக்கத் தெரிந்தது. சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. திரு அதன் நுனியில் உட்கார்ந்திருந்தான். கைப்பேசி அதிரும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து வரிசைகளைப் பார்த்தான். அங்கே கொடி, மேளம், கூச்சல். எங்கள் பக்கம் எல்லாரும் ஆஸ்பத்திரியில் காத்திருப்பது போல அடக்கமாக உட்கார்ந்திருந்தோம்.

முதல் பாதி முழுக்க நான் பேசிக்கொண்டே இருந்தேன். அந்தக் கீப்பர் நிற்கிற இடம் தப்பு என்றேன். இந்தப் பையன் இடது கால்காரன், பாரேன் என்றேன். பழைய ஜோக்குகளை எடுத்துவிட்டேன். வாடிக்கையாளர் எழுந்து போய்விடக் கூடாதே என்று பேசுகிற பேச்சு அது, கடையில் பழக்கம். என் தம்பியிடமே அந்தக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை. அவனும் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்றான்.

இடைவேளை முடிந்து இங்கிலாந்துக்காரர்கள் இரண்டாவது கோலும் போட்டார்கள். திரு எழுந்து நின்றான். பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"அண்ணே, குரு அந்தப் பக்கம்தான் இருக்கான். ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். உங்களுக்கு இங்க ஒண்ணும் பிரச்சினை இல்லதானே?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று காரிலேயே தயார் பண்ணி வைத்திருந்தேன். 'தாராளமா போடா, நான் என்ன சின்னப் புள்ளையா?' என்று கையை ஆட்டி அனுப்பிவிட வேண்டும். ரோஷத்தோடு சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"கால் இழுக்குதுடா."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் வலது தொடையைப் பிடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். காலில் ஒன்றும் இல்லை.

விபத்து நடந்து முதல் இரண்டு வருடம் அந்த இழுப்பு எனக்கு உண்மையாகவே இருந்தது. உணர்ச்சி பாதி செத்த கால் திடீரென்று முறுக்கிக்கொண்டு உதறும். அப்போது திருவுக்குப் பதினேழு வயது. விளையாடப் போகாமல் வீட்டில் இருந்து என் பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துவிடுவான். பிறகு மருந்து ஒத்துக்கொண்டது, இழுப்பு நின்றுவிட்டது. நின்று எத்தனையோ வருடம் ஆகிறது. இத்தனை காலத்தில் என் காலை யாரிடமும் காட்டி நான் எதையும் கேட்டதில்லை. பஸ்ஸில் இடம்கூடக் கேட்டதில்லை.

திரு அப்படியே மண்டியிட்டுவிட்டான்.

"இன்னும் வருதாண்ணே? நின்னுபோச்சுன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன். ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்பவாவது வரும்" என்றேன்.

மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் செருப்பைக் கழற்றினான். பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து, குதிகாலை ஒரு கையில் தாங்கி, மறுகையால் விரல்களை மெதுவாகப் பின்னால் வளைத்தான். எப்படிச் செய்ய வேண்டும் என்பது அந்தக் கைகளுக்கு மறக்கவில்லை. அவன் கைப்பேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் மனைவி எங்களைப் பார்த்து, "கெசியான்" என்று முணுமுணுத்தாள். பாவம் என்று அர்த்தம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் நம் ஊர்ப் பையன்கள் பந்தை நடுவில் பறித்தார்கள். திருவின் தலைக்கு மேலாக எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வலது ஓரத்தில் ஒருவன் ஓடி வந்தான், உள்ளே தட்டினான், இன்னொருவன் நிற்காமல் அடித்தான். கீப்பர் தப்பான பக்கம் விழுந்தான். மைதானம் மொத்தமும் எழுந்து கத்தியது. கீழே தரையே அதிர்ந்தது.

திரு திரும்பிப் பார்த்தபோது அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருண்ணே அடிச்சா?"

"சரியாத் தெரியலடா" என்றேன்.

அவன் மறுபடி என் பக்கம் திரும்பிக் காலைப் பிடித்தான். சத்தம் அடங்கியதும் தலையைத் தூக்காமலே பேசினான்.

"அண்ணே. கார்ல குரு சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுதானே."

நான் அவன் கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தேன்.

"விளையாட்டுக்குச் சொல்லல. நெசந்தான். டிக்கெட் வாங்க எங்கிட்ட காசு இல்ல. பயலுங்க எல்லாம் போறானுங்க, எனக்கு மட்டும் இல்லன்னு சொல்ல அசிங்கமா இருந்துச்சு. அப்பதான் உங்க கார்டு ஞாபகம் வந்துச்சு. உங்க ஞாபகம் வரலண்ணே, கார்டு ஞாபகந்தான் வந்துச்சு." அவன் குரல் உடைந்தது. "நீங்க மீசைக்கெல்லாம் மை போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தீங்க. எனக்கு அங்கயே செத்துடலாம் போல இருந்துச்சு. இவ்ளோ வலிய வச்சிக்கிட்டு எனக்காக வந்திருக்கீங்க. நான் ஒங்கள விட்டுட்டுப் போகப் பார்த்தேன்."

கண்ணீர் என் பாதத்தின்மேல் விழுந்தது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது சொல்லிவிட வேண்டும். எழுந்திரு தம்பி, வலி இல்லை, நீ போய்விடுவாயே என்று பொய் சொன்னேன் என்று சொன்னால் முடிந்தது. அவன் சொல்லிவிட்டான், அவனுக்கு அந்தத் தைரியம் இருந்தது. நான் மூத்தவன். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவன் கையை எடுத்துவிடுவான்.

திரு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப பரவால்லையாண்ணே?"

"இன்னும் கொஞ்சம் பிடிடா" என்றேன்.