ஹாலாஸ்யம் கேட்ட ஏரோப்ளேன்

சிங்கப்பூர் விழுந்த வாரம் ஹாலாஸ்யத்துக்கு வயிற்றுவலி வந்தது. ரங்கூன் விழுந்தபோது இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. அந்தமானில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்று பேப்பரில் படித்த அன்று தொடங்கிய நெஞ்சுப் படபடப்பு சித்திரை பிறந்தும் அடங்கவில்லை. உலகத்தில் எங்கே எது நடந்தாலும் அது தன் உடம்பைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். மனைவி வாலாம்பாளிடம் மட்டும் இதைச் சொன்னார்.

"ஜெர்மன்காரன் ருஷ்யாப் பனியில மாட்டிண்டப்போ உங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சுதே, அதையும் சேத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு, அவள் ரசத்துக்கு மிளகு தட்டப் போய்விட்டாள்.

ஹாலாஸ்யம் மதுரையில் சரித்திர வாத்தியார். மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை. காலையில் காபி குடித்ததும் நேரே சேக் மைதீனின் குடைக்கடைக்குப் போவார். கடைக்கு வரும் பேப்பரை அவர்தான் முதலில் பிரிப்பார். பிரித்ததும் சத்தம் போட்டுப் படிப்பார். ஜட்காக்காரர்கள், பூக்காரிகள், எதிர்க்கடைத் தையல்காரர் எல்லாரும் நின்று கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு யுத்தம் என்பது ஹாலாஸ்யத்தின் குரலில் நடந்துகொண்டிருந்தது. "வாத்தியாரே சொல்லிட்டார்" என்றால் அந்தத் தெருவில் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தப் பங்குனியிலும் சித்திரையிலும் அவர் படித்ததெல்லாம் கெட்ட சேதிதான். கொழும்பில் குண்டு. அடுத்து விசாகப்பட்டணத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. சென்னைப் பட்டணம் காலியாகிக்கொண்டிருந்தது. தெற்கே வரும் ஒவ்வொரு ரயிலிலும் யாராவது ஒருவரின் அத்தை, மாமா, சம்பந்தி என்று மூட்டையோடு வந்து இறங்கினார்கள். மூட்டையோடு ஆளுக்கொரு வதந்தியும் வந்தது.

"ஆகாசத்துலேருந்து பாத்தா இந்த ஊர்ல மொதல்ல எது கண்ணுல படும்? கோபுரம்தானே?" என்று ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார் ஹாலாஸ்யம்.

"கோபுரம் தெரியட்டும் அய்யரே, என் குடைக்கடை தெரியாதுல்ல. அம்புட்டுப் போதும்" என்றார் சேக் மைதீன். சிரித்தவர் சற்று நேரம் கழித்து, "ரங்கூனைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானா?" என்று கேட்டார். தினமும் கேட்பதுதான். அவருடைய தம்பி சிக்கந்தர் ரங்கூனில் கடை வைத்திருந்தான். மாசி மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

ஹாலாஸ்யத்துக்குச் சொந்த ஊர் எழுமலை. அங்கே போய்விடலாம் என்று வாலாம்பாளை நச்சரித்துக்கொண்டே இருந்தார். போன யுத்தத்தில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டபோது அவர் சின்னப் பையன். எழுமலையிலிருந்து சமுத்திரம் எந்தத் திசையில் என்று கேட்டால்கூட அங்கே பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனாலும் எம்டன் வருகிறது என்று ஊரே மாட்டை அவிழ்த்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஓடியது. அவருடைய அப்பா பூஜைப் பெட்டியையும் ஊறுகாய் ஜாடியையும் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார். அடிவாரத்தில் புளியமரத்துக்குக் கீழே பதுங்கி, யாரோ கொடுத்த பழையதை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டது அவருக்கு இன்னும் நாக்கில் இருந்தது.

"அந்த ஊர்ல ஒண்ணும் வராதுடி" என்றார்.

"தண்ணியும் வராது. கோடையில அந்தக் கிணத்துல கயிறுதான் நனையும். நான் வரலை" என்றாள் வாலாம்பாள்.

இந்த நேரத்தில்தான் அவருக்கு நிஜமாகவே உடம்புக்கு வந்தது. நல்ல வெயிலில் பல் கிட்டும்படி குளிர் எடுத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல். டாக்டர் கைலாசநாதன் மலேரியா என்று சொல்லிக் கொய்னா மருந்து கலந்து கொடுத்தார். புட்டியின் பக்கத்தில் வேளைக்கு இவ்வளவு என்று பல் பல்லாகக் கத்தரித்த காகிதம் ஒட்டியிருந்தது. ஹாலாஸ்யம் வீட்டுக்கு வந்து யோசித்தார். காய்ச்சலோடு படுத்திருக்கும்போது குண்டு விழுந்தால் எழுந்து ஓட முடியாது. சீக்கிரம் குணமாக வேண்டும். வாலாம்பாள் கொல்லைப் பக்கம் போகும் நேரம் பார்த்து, ஒரு வேளைக்கு இரண்டு வேளை மருந்தைக் குடித்தார். வேப்பங்காயைவிடக் கசந்தது. கசப்பாக இருந்ததால் அவருக்கு நம்பிக்கை அதிகமானது.

காய்ச்சல் விட்டது. கை கால் தள்ளாடியது. ஆனாலும் ராத்திரி விளக்கு வெளிச்சம் ஆகாசத்துக்குத் தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டக் கறுப்புக் காகிதம் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கிளம்பினார். தனியே விடப் பயந்து வாலாம்பாளும் கூட வந்தாள். புது மண்டபத்து வாசலில் நல்ல கூட்டம். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பாத்திரக்கடைகளில் பித்தளையைத் தட்டும் சத்தம். ஓரத்தில் பூக்காரி ஒச்சம்மாள் கூடையை வைத்துக்கொண்டு மல்லிகை அளந்துகொண்டிருந்தாள். குடைக்கடை வாசலில் பேப்பர் கேட்க நிற்பவள்தான் அவளும். வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அப்போதுதான் அவருக்குக் கேட்டது.

முதலில் தூரத்தில் வண்டு சுற்றுவதுபோல் இருந்தது. நின்று கவனித்தார். ஒரே சுருதியில், விடாமல், ஙொய்யென்று ஒரு இரைச்சல். அது நெருங்கியது. பித்தளையைத் தட்டும் சத்தத்துக்கு மேலே எழும்பி வந்தது. ஹாலாஸ்யம் வானத்தைப் பார்த்தார். வெயில் கண்ணைக் குத்தியது. கோபுரத்துக்கு மேலே கறுப்பாக ஏதோ ஒன்று நகர்ந்தது.

"ஏரோப்ளேன் சத்தம் கேக்கறதா?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

அந்த மனிதர் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "ஆமா, கேக்குது" என்றார். அவருக்குப் பின்னால் ஒருவர், "ஆமாய்யா, கிழக்கேருந்து வருது" என்றார். "அபாயச் சங்கு ஊதலையே" என்றது ஒரு பெண்குரல். "சங்கு ஊதறதுக்குள்ள வந்துட்டான்" என்றது இன்னொன்று.

"வந்துட்டான். எல்லாரும் படுங்கோ, படுங்கோ" என்று கத்தினார் ஹாலாஸ்யம். தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

ஒருவரும் படுக்கவில்லை. எல்லாரும் ஓடினார்கள். கோயிலுக்குள் போனால் தப்பலாம் என்று பாதிப்பேர் மேற்கே பாய்ந்தார்கள். கோபுரத்தின் மேல்தான் போடுவான் என்று பாதிப்பேர் கிழக்கே பாய்ந்தார்கள். நடுவில் இரண்டும் மோதிக்கொண்டன. பாத்திர அடுக்குகள் சரிந்தன. அந்தச் சத்தத்தையே குண்டு என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் இன்னும் முட்டித் தள்ளினார்கள். ஹாலாஸ்யமும் ஓடினார். யார் காலை மிதித்தார், யார் தோளைப் பிடித்து இழுத்தார் என்று தெரியாது. ஒரு தூணுக்குப் பின்னால் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கூட வந்தவள் பக்கத்தில் இல்லை என்பது தெரிந்தது.

வாலாம்பாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். ஓடத் தொடங்கும்போது அவள், "ஏன்னா" என்று கூப்பிட்டது அவர் காதில் விழத்தான் செய்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்ததும் குண்டைப் பற்றிய பயம் போய், அதைவிட மோசமான ஒரு பயம் வந்தது.

எழுந்து திரும்பி நடந்தார். இரைச்சல் தலைக்கு நேர் மேலே இருந்தது. குனிந்தபடியே நடந்தார். கூட்டம் கலைந்த இடத்தில் ஒற்றைச் செருப்புகள், நசுங்கிய சொம்புகள், உருண்டு கிடந்த கூடை, மிதிபட்ட மல்லிகை. அந்த மல்லிகைக்கு நடுவில் வாலாம்பாள் உட்கார்ந்திருந்தாள். ஒச்சம்மாளின் தலை அவள் மடியில் இருந்தது. ஒச்சம்மாளின் வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"வாலா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஜட்கா ஒண்ணு பாருங்கோ" என்றாள்.

ஒச்சம்மாளை ஜட்காவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். வழியில் இரண்டு போலீஸ்காரர்கள் யார் முதலில் கத்தியது என்று கடைக்காரர்களை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வதந்தி கிளப்பினால் ஜெயில் என்று அவரே பேப்பரில் படித்துக் காட்டியிருக்கிறார். தலையைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் உள் அறையில் நெற்குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சேக் மைதீன் வந்தார். "ஒண்ணும் ஆகலையே அய்யரே?"

"இன்னும் மேலதான் சுத்திண்டிருக்கான். கேக்கலையா உமக்கு?" என்றார் ஹாலாஸ்யம்.

சேக் மைதீன் காதைச் சாய்த்துக் கேட்டார். முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஒரு பருந்துதான் சுத்துது."

வாலாம்பாள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அருகில் வந்து, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் காதுகளை இறுகப் பொத்தினாள். "இப்போ கேக்கறதா?" என்று கேட்டது அவருக்கு உதட்டசைவில்தான் புரிந்தது.

"கேக்கறது. இன்னும் பலமாக் கேக்கறது" என்றார்.

அவள் கையை எடுத்தாள். "அப்போ அது ஆகாசத்துல இல்லை."

அலமாரிக்குப் போய் மருந்துப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இன்னும் பல வேளைக்கு வர வேண்டிய மருந்தில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை. அவள் சொல்லியனுப்ப, டாக்டர் கைலாசநாதன் வந்து நாடி பார்த்து, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "ஓய், கொய்னா அளவுக்கு மீறினா காதுல கடலே இரையும். உமக்கு ஏரோப்ளேன். மருந்தை நிறுத்தினா அதுவும் நின்னுடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் ஹாலாஸ்யம் எழுந்திருக்கவில்லை. இரைச்சல் அப்படியேதான் இருந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் அதைக் கேட்டு உடம்பு நடுங்கியது.

"நான் என்ன பண்ணிட்டேன் பாத்தீரா? போலீஸ் வருவான். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை" என்றார்.

சேக் மைதீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நெசமாவே குண்டு விழுந்த ஊர்ல என் தம்பி இருக்கான் அய்யரே. இருக்கானோ, அகதிகளோட காட்டு வழியா நடந்து வாரானோ, தெரியாது. பயத்தை வச்சுக்கிட்டு நான் தினமும் கடையைத் திறக்கலையா? எந்திரிங்க. அந்தப் பொம்பளையைப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காக்கிச்சட்டை ஒன்று நின்றது. ஹாலாஸ்யம் தானே நேரே போய், "கத்தினது நான்தான். ப்ளேன் வரலை. என் காதுக் கோளாறு" என்றார்.

போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போங்க சாமி, நீங்க வேற. என் மாமியா கண்ணால பாத்திருக்கு. மூணு ப்ளேனாம். ஒண்ணு வைகையில என்னமோ போட்டுட்டுப் போச்சாம்." சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒச்சம்மாள் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவளிடமும் சொன்னார்.

"எனக்கும் கேட்டுச்சே சாமி" என்றாள்.

"கேட்டிருக்காது ஒச்சம்மா. நான் சொன்னதுனால கேட்ட மாதிரி இருந்திருக்கும்."

"அது போகட்டும். எம் மக செல்லக்கிளி பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு எழுமலை பஸ்ஸுக்கு ஓடுறாளாம். ஏரோப்ளேன் வந்துருச்சுன்னு அம்புட்டுச் சனமும் கெளம்பிருச்சாம். ஆத்தாளுக்குக் கை போனது அவளுக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தேன் நிப்பா."

பஸ் நிற்கும் இடத்தில் திருவிழாக் கூட்டம்போல் இருந்தது. கரி பஸ் ஒன்று பின்னால் அடுப்பு புகைய நின்றது. அதன் கூரைமேல்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹாலாஸ்யம் ஒரு மூட்டைமேல் ஏறி நின்றார். "ப்ளேன் ஒண்ணும் வரலை. எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ. நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றார். வகுப்பில் பேசும் குரலைத்தான் வரவழைத்தார். அது பாதியிலேயே உடைந்தது.

"வாத்தியாரைப் போலீசு மெரட்டிச் சொல்லச் சொல்லியிருக்கு" என்றார் ஒருவர். மற்றவர்கள் அனுதாபத்தோடு தலையசைத்தார்கள். ஒரு கிழவர் அவரைக் கீழே இறக்கி, "உங்களுக்கும் ஒரு எடம் போடவா சாமி?" என்று கேட்டார்.

தான் சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்கள், தான் சொல்லும் உண்மையைக் கேட்கக்கூட மாட்டேன் என்கிறார்கள். ஜப்பான்காரன் வராமலேயே ஊர் காலியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

செல்லக்கிளி பஸ்ஸின் பின்பக்கம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் ஏரோப்ளேனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கம்மாவுக்குக் கை ஒடிஞ்சிருக்கு. பெரியாஸ்பத்திரியில இருக்கா. உன்னைத் தேடறா" என்றார்.

அவள் வானத்தைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, "எந்தப் பக்கம்?" என்றாள்.

மூட்டையை ஹாலாஸ்யம் எடுத்துக்கொண்டார். சேக் மைதீன் முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கினார். எதிரே சனம் வந்துகொண்டே இருந்தது. காதில் இரைச்சல் குறையவில்லை. ஒவ்வொரு நாலு அடிக்கும் கழுத்து தானாக மேலே திரும்பப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு, குழந்தைமேல் வெயில் படாமல் துண்டைப் பிடித்தபடி நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றியாகிவிட்டது. வாலாம்பாள் தட்டை வைத்தாள்.

"நீ கூப்பிட்டே. எனக்குக் கேட்டுது" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்" என்றாள். சாதத்தைப் போட்டாள். ரசத்தை ஊற்றிவிட்டு, "சாப்பிடுங்கோ. வெறும் வயத்துல இருந்தா இரைச்சல் ஜாஸ்தியாகுமாம்" என்றாள்.