தீவில் ஒரு "வேண்டாம்"

எங்கள் வக்கீலுக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் குடை. கம்பெனிகள் தலையில் வரி மழையாகக் கொட்டும்போது, ஒரு சொட்டு படாமல் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார். அவர் வாதாடி முடித்தால், நாம் ஏன் வரி கட்டுகிறோம் என்று நீதிபதிக்கே மனசு கலங்கும். அவரிடம் சுருக்கெழுத்து எழுதி, விரல் தேய்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இதில் முக்கால்வாசியாவது உண்மை.

ஒரு நாள் டயர் முதலாளி ஒருவர் வந்தார். பூமியில் உருளும் சக்கரமெல்லாம் தன்னுடையது என்ற நடை. குடை அவருக்கு ஒரு வழி சொன்னார். டயரின் பெயரை மட்டும் வரியில்லாத ஒரு தீவில் இருக்கும் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதற்காக இங்கிருந்து வாடகை போகும். டயர் இங்கே உருளும், லாபம் தீவில் காற்று வாங்கும். சட்டம் ஒன்றைத்தான் கேட்டது. தீவுக் கம்பெனியின் முடிவுகளை அதன் டைரக்டர்கள் தாங்களாக, தீவிலேயே எடுக்க வேண்டும். முதலாளி இங்கே உட்கார்ந்து ஆட்டுவிக்கிறார் என்று தெரிந்தால் வரியும் இங்கேதான்.

தீவில் ஒரு சலவைக்கடையின் மாடியில் அறை பிடித்தோம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டைரக்டர்கள் மூவரும் விமானத்தில் போய், "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். இருவர் முதலாளியின் ஆட்கள். மூன்றாமவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும், வாய் திறக்காதவராகவும் இருக்க வேண்டும். குடை தன் மனைவியின் அண்ணனைப் போட்டார்.

மச்சான் தண்ணீர் வாரியத்தில் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். அவருடைய சட்டைக்கு நிறம் பார்ப்பதுகூட அவர் மனைவிதான். பஸ்ஸில் கண்டக்டர் "எங்க இறங்கணும்?" என்றால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்.

"வேலை என்ன மாப்பிள்ளை?"

"சரின்னு சொல்றதுதான் மச்சான்."

"அதுல எனக்கு நல்ல சர்வீஸ் ஆச்சே!"

ஆனால் நாற்காலி மனுஷனை என்னவோ செய்துவிடும். மச்சான் புதுக் கண்ணாடி வாங்கினார். விமானத்தில் எல்லோரும் தூங்க, அவர் காகிதங்களை வரிவரியாகப் படித்தார். அந்த பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணீர் வேறு ஊற்றினார். அது ஒரு இலை விட்டதாக இன்னொரு டைரக்டர் என்னிடம் சத்தியம் செய்தார்.

ஒரு கூட்டத்தில், முதலாளியின் மருமகன் நடத்திய, முழுகும் நிலையிலிருந்த கப்பல் கம்பெனியை வாங்கச் சொல்லிக் காகிதம் வந்தது. இருவர் "சரி" என்றார்கள். மச்சான் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேண்டாம். இந்தக் கப்பல் கரையில நிக்கும்போதே முங்கிடும்."

முதலாளி இங்கே போட்ட சத்தத்தில் அங்கே தீவுச் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் சட்டையைக் கருக்கிவிட்டான் என்பார்கள். மறுவாரமே மச்சானுக்குப் பதில் வேறொருவர். பதிவேட்டில் அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை என்றும் ஆயிற்று. மச்சானுக்கு அதில் துளி வருத்தமில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்து மேசை மேசையாகச் சொன்னார்: "நான் வேண்டாம்னுட்டேன், தெரியுமா?" சொல்லும்போதெல்லாம் ஒரு அங்குலம் வளர்ந்தார். இன்னும் நாலு மாதம் விட்டிருந்தால் கதவை இடித்துத்தான் உள்ளே விட்டிருக்க வேண்டும்.

அதற்குள் வரித்துறை வழக்குப் போட்டது. சாட்சி சொல்ல மச்சானுக்கு அழைப்பு வந்தது. குடை அவரைத் தன் அறையில் உட்காரவைத்தார்.

"கப்பல் பேச்சையே எடுக்காதீங்க மச்சான். எதிர்த்தேன்னு சொன்னா, அப்புறம் என்ன ஆச்சும்பாங்க. முதலாளி தூக்கிட்டாருன்னு வரும். முடிஞ்சுது. உடம்பு சரியில்ல, நானா விலகிட்டேன்னு சொல்லுங்க."

"நடந்தது அதில்லையே மாப்பிள்ளை."

"நடந்ததைச் சொல்றதுக்கா எனக்கு ஃபீஸ் குடுக்கறாங்க?"

பக்கத்தில் நோட்டோடு இருந்த நான் சிரித்துவிட்டேன். மச்சான் சிரிக்கவில்லை.

"என் ஆயுசுக்கும் நான் ஒரே ஒரு தடவைதான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன். அதையும் நீங்க எடுத்துக்கறீங்களா?"

"உங்க தங்கச்சி முகத்துக்காக."

மச்சான் கண்ணாடியை எடுத்து உறையில் போட்டு மூடினார். "சரி மாப்பிள்ளை."

விசாரணையில் வரித்துறையின் வக்கீலம்மா கொசுவுக்குக்கூட வலிக்காத குரலில் கேட்டார்: "இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது நீங்க மறுத்தது உண்டா?"

மச்சான் குடையைப் பார்த்தார். குடை மேசையைப் பார்த்தார்.

"இல்லைங்கம்மா. எல்லாத்துக்கும் சரின்னுதான் சொன்னேன்."

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. தலையாட்ட மட்டும் தெரிந்த கம்பெனிக்குத் தலை வேறு இடத்தில் இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. டயர் முதலாளி வேறு குடை தேடிப் போனார்.

தீர்ப்பன்று வராந்தாவில் வக்கீலம்மா எங்களிடம் வந்து கை கொடுத்தார். "உண்மையைச் சொல்லட்டுமா சார்? இவரு ஒரு தடவை மறுத்தேன்னு சொல்லியிருந்தா என் கேஸ் அம்போ. அதுக்கு மேல கேக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல. இவரு ஏன் விலகினாருன்னே எங்களுக்குத் தெரியாது."

பக்கத்தில் நின்ற மச்சான் எல்லாவற்றையும் கேட்டார். சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதற்குப் பிறகு தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் குடை எது சொன்னாலும் "சரி மாப்பிள்ளை" என்பார். சுவருக்குக் கருப்பு அடிக்கலாமா? சரி மாப்பிள்ளை. வீட்டையே இடித்துவிடலாமா? சரி மாப்பிள்ளை.

கடைசியில் ஒரு நாள், நானும் அங்கே இருந்தேன், குடை தன் கையாலேயே டீ போட்டு அதில் ஒரு பிடி உப்பை அள்ளிக் கொட்டி நீட்டினார். மச்சான் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு மாப்பிள்ளை."

எந்த நீதிபதி முன்னாலும் தடுமாறாத அந்தக் குரல் தழுதழுத்தது. "ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லுங்களேன் மச்சான்."

மச்சான் காலிக் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"சரி மாப்பிள்ளை" என்றார்.