மேட்டுப் பக்கம் நின்றவன்

படார்!

டீக்கடையின் மரக்கதவைக் காற்று பிய்த்து எறிந்தது. அது உடைமாற்றும் அறைச் சுவரில் மோதிய சத்தத்தில் உள்ளே இருந்த பையன்கள் துள்ளி எழுந்தார்கள். அடுத்த நொடியே நெவ் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார். டீக்கடை, மைதானத்துக்குக் கோடு போடுவது, முதலுதவிப் பெட்டி எல்லாம் ஸ்கெல்பி கிளப்பில் அவர் பொறுப்புதான்.

"வந்துட்டான்யா! வோமர்ஸ்லி வந்துட்டான்! கார் நிறுத்தற இடத்துல நிக்கிறான். தலைல அதே பழைய தொப்பி!"

கிரெய்க் ஃபர்த்தின் கையில் ஆறாம் எண் சட்டை இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டான்.

வோமர்ஸ்லி, 'டவுன்' என்ற பெரிய ரக்பி அணிக்கு ஆள் தேடுபவர். பல வருஷமாக ஆஸ்திரேலியாவிலிருந்து ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கி வந்து கையைச் சுட்டுக்கொண்ட டவுன், இப்போது உள்ளூர்ப் பையன்களை வளர்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பதினாறு வயதுக்காரர்களில் ஓர் இடம்தான் பாக்கி. அந்த ஓர் இடத்துக்காகத்தான் இந்த மழையில், இந்தச் சேற்றில், ஸ்கெல்பிக்கு அவர் வந்திருக்கிறார்.

கிரெய்க் பயிற்சி கொடுக்கும் அணியில் ஆறாம் எண் என்றால் கீரன் ஸைக்ஸ்தான். ஆட்டத்தை நடத்துகிறவன், பந்தை யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிறவன் அவனே. ஒல்லிப் பையன். ஆனால் பந்து அவன் கைக்கு வந்தால் எதிரணி தடுமாறும்.

கிரெய்க்கின் மகன் ஹார்வி நான்காம் எண். நல்ல ஆட்டக்காரன்தான். நல்ல ஆட்டக்காரன், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' கிரெய்க்குக்குத் தெரியும். ஆனாலும் போன வாரம் கிளப் மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் மார்தட்டிவிட்டான். "எங்க ஹார்விய அடுத்த வருஷம் டவுன் சட்டைல பாப்பீங்கடா!"

"காத்து பேய் மாதிரி அடிக்குது," என்று பையன்களைப் பார்க்காமல் ஆரம்பித்தான். "அதனால இன்னிக்கு ஒரு சின்ன மாத்தம். ஓரத்துல வேகமா ஓடற ஆள் வேணும். கீரன், நீ விங்குல நில்லு."

இடது விங்குக்கான ஐந்தாம் எண் சட்டையைக் கீரனிடம் எறிந்தான். ஆறாம் எண்ணை மகனிடம் எறிந்தான்.

முன்வரிசைக் குண்டன் ஒருவன் சிரித்தான். "விங்கா? இந்தக் காத்துலயா? ஒரு போர்வையும் ஃப்ளாஸ்க்கும் எடுத்துட்டுப் போடா கீரன்!"

ஸ்கெல்பி மைதானம் சரிவானது. ரயில்வே கரையோரம் மேடு, டீக்கடைப் பக்கம் பள்ளம். காற்றும் மேட்டிலிருந்துதான் வீசும். இப்படிப்பட்ட நாளில் மேட்டுப் பக்கம் பந்து ஏறாது. அங்கே நிற்பவன் கையைத் தேய்த்துக்கொண்டு ரயில் பார்க்கலாம். இது ஸ்கெல்பியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெளியூர்க்காரர் வோமர்ஸ்லிக்குத் தெரியாது என்று கிரெய்க் நம்பினான்.

"சரி கோச்," என்றான் கீரன். அவ்வளவே. ஹார்வி குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு அது.

ஆட்டம் தொடங்கியது. கிரெய்க் எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். "வலது பக்கம்! ஹார்வி, வலது பக்கம் ஆடு!"

கீரன் நின்ற இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். அங்கேதான் வோமர்ஸ்லி தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஆனால் ஒன்றை கிரெய்க் மறந்திருந்தான். அவன் விளையாடிய காலத்து விங் வேறு. இப்போது எதிரணி பந்தை உயரமாக உதைத்து மூலைக்குத்தான் அனுப்பும். அங்கே நிற்பவன் அதைப் பிடித்து, ஓடிவரும் மூன்று மலைகளுக்குள் புகுந்து, தன் அணியைக் குழியிலிருந்து வெளியே இழுத்து வர வேண்டும்.

எதிரணியின் நீலச் சட்டைக்காரர்கள் உதைத்தார்கள். காற்றில் தடுமாறி வந்த பந்தைக் கீரன் பிடித்தான். மூன்று பேர் அவனைச் சேற்றில் புதைத்தார்கள். எழுந்தான். பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கினான். மறுபடி உதைத்தார்கள். மறுபடி பிடித்தான். இந்தத் தடவை நான்கு பேர். உதட்டில் ரத்தம்.

"எந்திரிடா கண்ணு! எந்திரி!" என்று அவன் அம்மா டோனா வேலியோரத்திலிருந்து கத்தினாள். மிட்டாய்த் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, தலைமுடி வலையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அவள் கத்துவதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. இனி இடது விங் பள்ளத்துக்கு வரும், வோமர்ஸ்லியின் மூக்குக்கு நேரே. கிரெய்க் ஆரஞ்சுத் துண்டுகளை நீட்டிக்கொண்டே சொன்னான்:

"விங்குல ரெண்டு பேரும் இடம் மாத்திக்குங்க. கீரன், நீ மேட்டுப் பக்கமே இரு."

நெவ் ஆரஞ்சுத் தட்டோடு அப்படியே நின்றார். ஹார்வி நிமிர்ந்து வாயைத் திறந்தான். கீரன் முழங்கையால் அவன் விலாவில் லேசாக இடித்தான். ஹார்வி வாயை மூடிக்கொண்டான்.

கிரெய்க் அதைப் பார்த்தான். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான். காது மடல்கள் சுட்டன. இந்தக் குளிரில் அது காற்றால் வந்த சூடல்ல.

இரண்டாம் பாதியில் ஹார்வி அப்பாவின் குரலைக் கேட்பதை நிறுத்திவிட்டான். பந்து கையில் வரும்போதெல்லாம் மேட்டுப் பக்கமே திரும்பினான். முதல் வீச்சைக் காற்று தள்ளிக்கொண்டு போனது. இரண்டாவது தரையில் உருண்டது.

"பள்ளத்துல ஆடுடா முட்டாள்! மேட்டுல ஆளே இல்ல!" என்று அலறினான் கிரெய்க்.

"ஆள் இருக்கான்யா," என்றார் நெவ், பக்கத்திலிருந்து, மெதுவாக.

மூன்றாவது வீச்சு நீளமாக, தாழ்வாக, இரண்டு நீலச் சட்டைகளின் முகத்துக்கு முன்னால் கடந்து போனது. ஹார்வி வாழ்நாளில் அப்படியொரு வீச்சு வீசியதில்லை. கீரன் ஓட்டத்திலேயே வாங்கினான். ஒருவன் அவன் இடுப்பைப் பிடித்தான், வழுக்கி விழுந்தான். இன்னொருவன் கோட்டுக்கு வெளியே தள்ளப் பார்த்தான். கீரன் காற்றில் சாய்ந்து, ஒரே கையால், மூலைக் கொடிக்கு அருகில் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுத்தான்.

முதலில் ஓடிப்போய் அவன்மேல் விழுந்தவன் ஹார்வி.

ஆட்டம் முடிந்ததும் வோமர்ஸ்லி நேராக கிரெய்க்கிடம் வந்தார். கையில் பாதி தின்ற இறைச்சி பஃப்ஸ்.

"அந்த அஞ்சாம் நம்பர் பையனை செவ்வாக்கிழமை டவுனுக்கு அனுப்பு. கையெழுத்துக்கு அம்மாவும் வரணும்."

கிரெய்க் கேட்டான்: "ஆறாம் நம்பர்?"

"உன் பையனா? நல்ல பையன். கண்ணு சரியான இடத்துக்குப் போகுது. கால் போக மாட்டேங்குது. மேல ஆட வேகம் போதாதுப்பா. உனக்கே தெரிஞ்சிருக்கும்." வோமர்ஸ்லி பஃப்ஸை ஒரு கடி கடித்தார். பிறகு அவன் தோளில் தட்டினார். "ஆனா நீ கெட்டிக்காரன்யா. ஸைக்ஸ் பையன் ஆறு ஆடுவான்னு எனக்கு முன்னமே தெரியும். அடி வாங்கிட்டு எந்திரிப்பானான்னுதான் சந்தேகம். இல்லேன்னா இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன். அதைக் காட்டத்தானே அவனை விங்குல நிறுத்தினே? சொந்தப் பையன் இருக்கும்போது எவன் அப்படிச் செய்வான்!"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். கிரெய்க் நெவ்வைப் பார்த்தான். நெவ் மூலைக் கொடியைப் பிடுங்கிச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"ஆமா," என்றான் கிரெய்க். "அதுக்குத்தான்."

சொல்லி முடிக்கவில்லை, டோனா வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் கோட்டில் மிட்டாய் வாசனை அடித்தது.

"பூட்ஸ் கயிறு கட்டத் தெரியாம வந்தான் உங்கிட்ட. இந்த உதவிய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன் கண்ணு."

அவள் கைகளை விலக்கவும் முடியாமல், பதிலுக்கு அணைக்கவும் முடியாமல், அவன் மரம்போல் நின்றான். அவளுக்குப் பின்னால் கீரன் நின்றிருந்தான். உதடு வீங்கியிருந்தது. "தேங்க்ஸ் கோச்," என்றான். குரலில் கிண்டல் இருக்கிறதா என்று கிரெய்க் தேடினான். இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வீடு திரும்பும்போது காரின் பின்னிருக்கையில் சேற்றுச் சட்டைகளின் மூட்டை நாறியது. இந்த வாரம் துவைப்பது கிரெய்க்கின் முறை. ஹார்வி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கிரேவி ஊற்றிய சிப்ஸைத் தின்றான். அப்பாவிடம் நீட்டவில்லை.

நிலக்கரி மேட்டைச் சுற்றிப் போகும் சாலையில் கிரெய்க் வாயைத் திறந்தான்.

"காத்து இன்னிக்கு ரொம்ப..."

முடிக்க முடியவில்லை. அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல நாக்கு எழவில்லை. கண்ணாடி துடைப்பான் கீச் கீச்சென்று ஆடியது. வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"நீ ஆறு ஆடப் போறேன்னு நேத்து வீட்டுல சொன்னப்பவே, ஏன்னு உனக்குத் தெரியும். இல்லையா?"

"ம்."

"அப்புறம் ஏண்டா எல்லார் முன்னாடியும் கேக்கல? நெவ்வுக்கு முன்னாடி, பசங்களுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமே? நான் மாத்தியிருப்பேனே!"

ஹார்வி சிப்ஸ் காகிதத்தைச் சுருட்டிக் காலடியில் போட்டான். ஆட்டம் முடிந்ததிலிருந்து முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"கேக்கத்தான் இருந்தேன். 'கேக்காதடா, எங்க நிறுத்தினாலும் நான் ஆடிக்கறேன், எல்லார் முன்னாடியும் உங்கப்பாவுக்கு அசிங்கமாப் போயிடும்'னு நேத்து ராத்திரியே கீரன்தான்பா சொன்னான்."