மூடியில் எழுதிய பெயர்

...இல்லை, இப்போது வேண்டாம், நர்ஸ் போகட்டும், போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்தே ரத்தப் பை பாதிக்கு வந்துவிட்டது, நர்ஸ் வந்தாள், போனாள், மறுபடியும் வந்தாள், நான் இன்னும் நாற்காலியின் நுனியில் அக்கா உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளையோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எதற்கு ஆரஞ்சு? ரத்தம் ஏறுவது அவள் மகளுக்கு, உபசாரம் எனக்கு. "சாப்பிடுடி, பாவம், எப்பப் பாரு அந்த லேப்லயே கிடக்குற" என்கிறாள். இதில் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் என்னைக் காட்டிக் காட்டிப் பேச்சு வேறு, என் தங்கச்சி, சயின்டிஸ்ட், மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்சவ, இப்பப் பாருங்க, என் பொண்ணு வியாதிக்கே மருந்து கண்டுபிடிச்சிட்டா... கண்டுபிடிக்கவில்லை அக்கா. இன்று காலையில்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். வாயில் என்ன பூட்டா போட்டிருக்கிறது, சொல்லேன்.

ஐயோ, விளக்கமும் ஆரம்பித்துவிட்டாள், நான் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தைகள். "வயித்துல இருக்குறப்ப குழந்தைக்கு ஒரு மாதிரி ரத்தமாம், பொறந்த அப்புறம் வேற மாதிரியாம், ரெண்டுக்கும் தனித்தனி ஜீனு. இவளுக்கு ரெண்டாவதுதான் பழுது. மொதல்ல உள்ளது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு வாட்ச்மேன் வந்து அதைப் பூட்டிட்டு உக்காந்துக்கிறானாம். அவனைக் கிளப்பிட்டா போதும், பழையபடி இவளுக்கே ஊறும், ஊரார் ரத்தம் வேணாம்." தப்பே இல்லை, எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. எலும்பு மஜ்ஜைக்குள் ஒரு செல் சிவப்பணுவாக வளர்கிறபோது மற்ற மரபணுக்களெல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்து போகின்றன, ஹீமோகுளோபின் செய்பவை மட்டும் ஓவர்டைம் பார்க்கின்றன, அதிலும் கருவில் வேலை செய்த மரபணுவை ஒரு புரதம் வந்து அடக்கிவிடுகிறது, அழிப்பதில்லை, அடக்குகிறது, அதில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. கடைசியில் அந்தச் செல் தன் உட்கருவையே தூக்கி வெளியே எறிந்துவிடும், அப்புறம் அதற்கு மரபணுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, மூச்சுக்காற்றைச் சுமந்துகொண்டு சும்மா சுற்றி வரலாம். கொடுத்து வைத்த ஜென்மம். எனக்கும் தலைக்குள் இருப்பது அப்படிக் கழன்று விழுந்தால் தேவலை.

மூடி. ஒரு பிளாஸ்டிக் மூடி. செல் வளர்க்கும் தட்டில் பெயரை அடிப்பக்கம் எழுத வேண்டும், மூடியில் எழுதவே கூடாது, ஏனென்றால் மூடி மாறும்... இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், ஒரு பெண்ணை அழவே வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவசரம், மூடியிலேயே எழுதிவிட்டேன். ஒரு தட்டில் கட்டிலில் கிடக்கும் இவளுடைய செல்கள், இன்னொன்றில் ஒப்பிட்டுப் பார்க்கப் பிரசவ வார்டிலிருந்து வந்த தொப்புள்கொடி ரத்தத்தின் செல்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு செல்களுக்குச் சாப்பாடான மீடியம் திரவத்தை மாற்றினேன், திரும்ப மூடினேன், அவ்வளவுதான், அந்த இடத்தில்தான் மாறியிருக்க வேண்டும். பிறகு இவள் பெயர் இருந்த தட்டுக்கு மருந்து போட்டேன். செல்களை அளக்கும் கருவிக்குள் விட்டதும் திரையில் செல்லுக்கு ஒன்றாக வந்த புள்ளிகள் கூட்டமாக வலப்பக்கம் நகர்ந்தன, கரு ஹீமோகுளோபின், எக்கச்சக்கமாக. இருக்காதா பின்னே? அது பிறந்த குழந்தையின் ரத்தம், அதற்கு வாட்ச்மேன் இன்னும் வேலைக்கே வந்து சேரவில்லை! இன்று காலை அடையாளச் சோதனையில் அந்தத் தட்டு ஆண் என்று வந்தது. இவள் பெண். அதற்கு மேல் எதை யோசிக்க? எங்கள் ஆய்வகத் தலைவியிடம் உடனே போய்ச் சொன்னேன், கூச்சமே இல்லாமல், வரிசையாக, காரணத்தோடு. "நடக்கறதுதான், திரும்பப் பண்ணு" என்றார். அங்கே அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

ஏனென்றால் அந்தப் புள்ளிகள் நகர்ந்த அன்று நான் தலைவியிடம் போகவில்லை, அக்காவுக்குத்தான் போன் செய்தேன். திரும்பச் செய்து பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. பூட்டு திறந்திருச்சுக்கா என்று மட்டும் சொன்னேன், அந்தப் பக்கம் அவள் அழுத அழுகை, என் வாழ்நாளில் யாரும் என்னை நினைத்து அப்படி அழுததில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. சீ. மறுநாளே அவள் பெரிய டாக்டரிடம் போய் மஜ்ஜை மாற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அக்காவின் சின்ன மகளுடைய மஜ்ஜை இவளுக்கு அப்படியே பொருந்தியிருந்தது, கட்டில் ஒதுக்கியாகிவிட்டது, நாள்கூடக் குறித்தாயிற்று. டாக்டர் நல்ல மனிதர், நாளை வரை கெடு கொடுத்து, அதற்குள் மனசு மாறினால் சொல்லுங்கள், அதற்கப்புறம் இடத்தை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிடுவேன், அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது என்றிருக்கிறார். ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்திலும் இரும்பு இருக்கிறது, அது இவள் ஈரலில் படிகிறது, தாமதமாக ஆக மஜ்ஜை மாற்றுவதே ஆபத்தாகும், இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாதா, தெரியும், என்னை நம்பினாள். கட்டிலில் இவள், எங்கள் பொடிசு, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். கேலிக்கு வைத்த பேர், வியாதி அதை நிஜமாக்கிவிட்டது, பதினோரு வயசுக்கு ஏழு வயசு உடம்பு. அடுத்த வருஷத்திலிருந்து எனக்கு ஊசி கிடையாது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

பக்கத்துக் கட்டில் அம்மா தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள். இப்போது. "அக்கா" என்றேன், என்ன என்பது போல் பார்த்தாள், உதட்டில் இன்னும் அந்தப் பெருமைச் சிரிப்பு இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது, சுவரைப் பார்த்துச் சொன்னேன். தட்டு மாறிப்போச்சு. மூடியில பேர் எழுதினேன், மாத்தி மூடிட்டேன். நான் பார்த்தது வேற ஒரு குழந்தையோட ரத்தம். நீ டாக்டருக்கு இப்பவே போன் பண்ணு... கடகடவென்று ஒப்பித்துவிட்டு நின்றேன். திட்டுவாள், சுளையைப் பிடுங்கி எறிவாள் என்று பார்த்தால் மடியில் கிடந்த ஆரஞ்சுத் தோலை எடுத்துச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமல் பொடிசுதான் கேட்டாள். "அப்ப என்னோட செல்லு எங்க சித்தி?"

எங்கே? இன்னொரு தட்டில். புள்ளிகள் நகராமல் நின்ற தட்டில். தொப்புள்கொடி ரத்தம் என்றால் அது மருந்தில்லாமலே நகர்ந்திருக்க வேண்டும், நகரவில்லை, அந்த இடத்தில் ஒரு முட்டாளுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும், எனக்கும் வந்தது, வந்ததை நானே தட்டிக் கழித்தேன், சாம்பிள் கெட்டுப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு கிருமி கொல்லும் பிளீச்சில் கொட்டினேன். இவளைத்தான் கொட்டினேன். "கொட்டிட்டேன்டா" என்றேன். "மருந்து போடாமலேயா?" "போடாமலேதான்." அக்காவின் விரல் நின்றது. மெல்ல நிமிர்ந்தாள், அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை, கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், அதில் கோபமே இல்லை. "அப்ப மருந்து இவளுக்கு வேலை செய்யாதுன்னு இல்லையே? இன்னும் போட்டே பாக்கலைதானே?"

தெரியலைக்கா. அதுதான் உண்மை, ஒரு வார்த்தைகூடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை, காலையில் தலைவியிடம் சொன்ன அதே பதில். இதைச் சொன்னால் அவள் டாக்டருக்குப் போன் செய்ய மாட்டாள், காத்திருப்பாள், கட்டில் போய்விடும். தட்டில் வேலை செய்தாலும் உடம்புக்குள் வர எத்தனை வருஷமோ, வராமலே போகுமோ, காத்திருக்காதே என்று சொல்ல வேண்டும், உண்மையோடு சேர்த்து இதையும் சொல்ல வேண்டும், சொல்லத்தானே வந்தேன்... "தெரியலைக்கா" என்றேன். அதோடு நின்றுவிட்டேன். ஏன் நின்றேன்? வெட்கத்தில் என்று நினைத்தேன். "இன்னொரு தடவை எடுத்துக்கோயேன்டி, இந்தத் தடவை பாத்து எழுது" என்றாள் அக்கா, கெஞ்சுகிற குரலில், என்னிடம் கெஞ்சுகிறாள், பொடிசு ரத்தம் ஏறாத கையைப் போர்வைக்கு வெளியே நீட்டினாள், சித்தி, இந்தக் கையில வலிக்காம எடு. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலுக்காகத்தான் பிடித்தேன் என்று சத்தியம்கூடச் செய்வேன், ஆனால் என் கட்டைவிரல் அதற்குள் அவள் முழங்கை மடிப்பை அழுத்தி அழுத்தி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தது.