டச்சுக்காரனின் வேர்வை

நெதர்லாந்து தேசத்துக் கோலூன்றித் தாண்டும் வீரன் யெல்லேவுக்கு வேர்க்க வேண்டிய வேர்வையெல்லாம், வேலம்பாளையத்தில் பனியன் தைக்கும் நாகஜோதிக்கு வேர்த்தது. அவன் அங்கே கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினால் போதும், இங்கே ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு அக்குளும் உள்ளங்கையும் ஊற்றெடுத்துவிடும். அது சாத்தூரிலிருந்து பிழைக்க வந்தவளின் சொந்த வேர்வை இல்லை, கண்ணுகளா. புளித்த பாலும் நனைந்த நாயும் கலந்த ஒரு வாடை. சாயத் தண்ணீர் ஓடும் ஓடைக்கரையிலேயே குடியிருந்து, எந்த நாற்றத்துக்கும் மூக்கைச் சுளிக்காத சனங்கள்கூட அவளைக் கண்டால் ஒதுங்கி நடந்தார்கள்.

காரணம் ஓர் ஊசி. பனியன் கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். துணியில் ஒரு துண்டு தங்கிவிட்டாலும் போடுகிறவன் உடம்பைக் கிழித்துவிடும் அல்லவா? நாகஜோதிக்குக் கல்யாணமான மறுவருஷம், வெளிநாட்டு விளையாட்டுக்காரர்களுக்குக் கையில்லாத பனியன் தைத்துக்கொண்டிருந்தபோது, ஊசி உடைந்து அவள் விரலில் ஏறியது. ரத்தத்தோடு அதன் நுனி எங்கோ காணாமல் போயிற்று. அவள் மிஷினுக்கடியில் தவழ்ந்து தேடினாள். லாரி வாசலில் நின்ற அவசரத்தில் சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் வேறொரு பழைய நுனியைக் கணக்கில் காட்டிவிட்டு, "தேடுனது போதுங் கண்ணு, தெச்சு முடி" என்றான். இரும்பைக் கண்டுபிடிக்கும் மிஷினும் அன்றைக்குப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அந்தப் பனியன்தான் யெல்லேவின் தோளில் ஏறியது. அதுவரை உள்ளங்கை வேர்த்துக் கம்பு வழுக்கி விழுந்துகொண்டிருந்தவன், அன்றுமுதல் காய்ந்த கையோடு தாண்டினான். ஊரை ஜெயித்தான், நாட்டை ஜெயித்தான், பிறகு கண்டத்தையே ஜெயித்தான். அது ராசியான பனியன் என்று நம்பி, வருஷக்கணக்கில் அதைத் துவைக்கவே இல்லை என்று டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னான். அங்கே அழுக்கு ஏற ஏற, இங்கே வாடை முற்றியது.

"எவன் வேர்வைடி இது?" என்றான் அவள் புருஷன் முனீஸ்.

"டிவில கம்ப ஊனித் தாண்டுதானே, அந்த வெள்ளக்காரன் வேர்வைங்க."

முனீஸ் சிரித்தான், பிறகு அழுதான், பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு வாசற்படிக்குப் போனான். உலகப் போட்டி நடந்த அன்று கம்பெனி சாப்பாட்டுக் கூடத்தில் முதலாளி பெரிய டிவி வைத்தார். டிவியில் யெல்லே ஓட ஓட இவள் சேலை நனைந்து தரையில் சொட்டியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். முனீஸுக்கு நம்பிக்கை வந்ததே தவிர, பாய் உள்ளே வரவில்லை.

முதலாளி லிங்கசாமி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். "பொறுத்துக்க கண்ணு. உனக்கு வேர்த்தாத்தான் அவன் ஜெயிப்பான். அவன் ஜெயிச்சாத்தான் நமக்கு ஆர்டரு." பேசிவிட்டு அவளை மிஷினிலிருந்து எழுப்பி, வேஸ்ட் துணி மூட்டைகள் கிடக்கும் கொட்டகையில் உட்கார வைத்தார். ஓட்டப்பந்தயத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அங்கே வந்து, ராசி ஒட்டட்டும் என்று அவள் கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி துடைத்த கையை அவள் கண்ணெதிரிலேயே சோப்புப் போட்டுக் கழுவினாள். நாகஜோதி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தன் உடம்பில் தன் வாடை அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன தை மாதம் யெல்லேவையே வரவழைத்து, கம்பெனி வாசலில் மேடை போட்டார் லிங்கசாமி. "நீ மட்டும் வந்துராத, பெரிய மனுசங்கெல்லாம் வராங்க" என்று மகுடேஸ்வரன் அவளைத் தடுத்திருந்தான். அவள் வந்தாள். கூட்டத்தை யாரும் விலக்கவேண்டி இருக்கவில்லை, வாடையே வழி விட்டது. ராசிப் பனியனோடு மாலையும் கழுத்துமாக நின்ற யெல்லே, இதுவும் இந்த ஊர்ச் சடங்கு போல என்று நினைத்து, அவள் தொட்டதும் சந்தோஷமாகக் கையைத் தூக்கிக் கொடுத்தான். அக்குள் தையலில் விரலை ஓட்டினாள். நெருடியது. பிசிறு வெட்டும் கத்தரியால் நாலு தையலைப் பிரித்து, துருவேறிய நுனியை எடுத்தாள்.

இத்தனை வருஷத்து வேர்வையும் உடையவனைத் தேடிப் போயிற்று. ஷூ நிறைந்து, மேடைப் படியில் வழிந்து, லிங்கசாமியின் வெள்ளை வேட்டிக் கரையை நனைத்தது. பெரிய மனிதர்கள் போட்டுக்கொண்ட பொன்னாடைகளிலேயே வாந்தி எடுத்தார்கள். யெல்லே தன் தோளை முகர்ந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எந்தக் கோலையும் ஊன்றித் தாண்டவில்லை. சொந்த ஊரில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பதாகக் கேள்வி.

அன்று பொழுது சாய முனீஸ் பாயோடு உள்ளே வந்தான். நாகஜோதி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க மேல வாடை அடிக்குங்க, வாசல்லயே படுங்க" என்றாள்.

மறுநாள் காலை மகுடேஸ்வரனிடம் போய் உள்ளங்கையை விரித்தாள். "தொலைஞ்ச துண்டு கெடைச்சிருச்சுண்ணே. புது ஊசி குடுங்க." அவன் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சரிதான் என்று வாங்கி வைத்துக்கொண்டு, புது ஊசி எடுத்துக் கொடுத்தான். அவள் பழைய மிஷினில் உட்கார்ந்தாள். டீ வருவதற்குள் கழுத்தில் லேசாக வேர்த்தது. பக்கத்து மிஷின் ராமுத்தாய் நகர்ந்து உட்காரவில்லை.