பன் மேல் தடவிய பிரஷ்

பன் தொழிற்சாலைக்கு ஹலால் சான்றிதழ் கிடைத்ததே அவளால்தான். தரம் பார்க்கும் வேலை அவளுடையது. மாவோ, ஈஸ்ட்டோ, வெண்ணெயோ, எது வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சான்றிதழைப் புதுப்பிக்க வரும் ஆய்வாளருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அந்த மனிதரே, "நீ இருக்கிற இடத்துல எனக்கு என்னம்மா வேலை?" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

இந்த முறை அவர் அடுப்புப் பக்கம் போனார். சுடச்சுட இறங்கிய பன்களின் தலையில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரஷ்ஷை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது ஏது? முன்னாடி நைலான்தானே இருந்துச்சு?"

"அது சூட்டுல உருகி பன்ல ஒட்டுச்சு. நான்தான் மாத்தினேன். இயற்கையான முடி, நல்லா உழைக்கும்னு கடைக்காரர் சொன்னார்."

"என்ன முடின்னு கேட்டியா?"

கேட்கவில்லை. மாவுக்குள் போவதையெல்லாம் சலித்துப் பார்த்தவளுக்கு, துடைப்பத்தோடும் வாளியோடும் சேர்ந்து வந்த பிரஷ் சாப்பாட்டுச் சாமானாகத் தோன்றவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை தான் மட்டும் விழும். இவள் ஊரையே சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருந்தாள்.

அவர் ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினார். மயிர் கருகும் நாற்றம் வந்தது. இன்னொன்றின் நுனி பிளந்திருப்பதைக் காட்டினார்.

"நுனி இப்படிப் பிளந்திருந்தா பன்னி முடிதாம்மா. லேபுக்கு அனுப்புறேன், ஆனா எனக்குச் சந்தேகமில்ல."

வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷைக் கீழே போட்டார்கள்.

"தெரியாம சாப்பிட்டவங்களுக்குக் குத்தமில்ல," என்றார் அவர்.

"தெரிஞ்சதுக்கு அப்புறம்?"

"ஒரு வாய்கூடக் கூடாது."

அவளுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. படுக்கையில் கிடக்கும் வாப்பாவுக்கு வேறெதுவும் தொண்டையில் இறங்குவதில்லை. பாலில் நனைத்த இந்த பன்தான் அவர் உயிரைப் பிடித்துவைத்திருந்தது. வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்க யோசிக்கும் மனிதர், "என் மக பார்த்துச் செய்றது" என்று இதற்கு மட்டும் வாயைத் திறப்பார்.

வீட்டுக்கு ஓடினாள். தம்பி மனைவி ஊட்டிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டால்தான் என்ன என்று வாசலில் நின்றாள். பாவி மனசு அதையும் நினைத்தது. அதற்குள் அடுத்த வாய் அவர் உதட்டுக்குள் போனது.

"துப்புங்க வாப்பா!"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். திட்டவில்லை.

"நீ தெரிஞ்சா செஞ்ச? உன் மேல ஒரு குத்தமும் இல்லம்மா," என்று அவள் தலையைத் தடவினார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் அவர் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் டம்ளரைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

"மருமககிட்ட குடும்மா," என்றார் மெதுவாக. "இனிமே அவளே தரட்டும்."