பின்கண்ணாடி

விடியுமுன் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டீசல் பீப்பாயின் மேல் நெட்டை, இரண்டாம் டிராக்டரின் ஓட்டுநர். அவனுக்கு எதிரே, கழற்றிப் போட்ட பெரிய டயரின் விளிம்பில் மற்ற ஓட்டுநர்கள் மூவர். வாசலோரம், கவிழ்த்த வாளியின் மேல், எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி அக்கா. விதை நிரப்பும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. உதிரிபாக அறையின் படியில் நான். போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. மனு எழுதுவதும் என் தலையில்தான் விழும்.

அக்காவின் கணவர் மட்டும் அங்கே இல்லை. கலப்பையை டிராக்டரில் மாட்டுகிறவர் என்பதால் அவருக்குக் கொக்கி என்றே பெயர். பாதம் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கைவிளக்கு வெளிச்சத்தில் கிரீஸ் அடித்து, டீசல் ஊற்றி, கலப்பையை டிராக்டரோடு பிணைக்கும் இரும்பு ஊசிகளை அறைந்து இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். சட்டைகள் அப்போதே முதுகில் ஒட்டிக்கொண்டன. வெயில் ஏறினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். டிராக்டரின் கேபின் நாலு பக்கமும் கண்ணாடி. ஏசி போன கோடையிலேயே செத்துவிட்டது. கதவைத் திறந்தால் புழுதி, மூடினால் சூளை. ஒருவன் ஸ்டியரிங்கின் மேலேயே வாந்தி எடுத்துச் சரிந்தான். இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். "பார்க்கலாம்" என்றார் முதலாளி.

பார்த்தது நாங்கள்தான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கண்ணாடிக்கு ஒட்டும் பிலிம் வாங்கினோம். சூட்டைத் தடுக்கிற வெளிர் பிலிம் கைக்கு எட்டாத விலை. கறுப்பாக இருந்தாலே குளிரும் என்று நினைத்து, இருப்பதிலேயே கறுத்ததை வாங்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழ் நீவி, முன்பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் ஒட்டினோம். பின்கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே ஒருவாறு உட்கார முடிந்தது.

ஆனால் விடிகாலை மங்கலில் பின்னால் நிற்கும் கொக்கியின் கைச்சைகை தெரியவில்லை. அதற்கும் ஒரு வழி செய்தோம்: கலப்பைச் சட்டத்தில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் வா. முந்தின நாள் பக்கத்து டிராக்டரில் ஒருவன் ஊசியை அறைந்துகொண்டிருந்தான். நெட்டை அதைக் கொக்கியின் இரண்டு தட்டு என்று நினைத்தான். பின்னால் எடுத்தான்.

கிழக்கு வெளுக்கும்போது கார் வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.

"யாரைக் கேட்டு ஒட்டினீங்க?" என்றார் முதலாளி.

"உங்களைக் கேட்டுத்தான் ஐயா ஏசிக்கு எழுதினோம். பதில் வரல. அப்புறம் ஒட்டினோம்" என்றேன்.

"உங்கப்பன் தாத்தன் ஏர் ஓட்டினப்போ ஏசியா கேட்டான்?"

"அவங்களை யாரும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு மூடலையே ஐயா" என்றான் டயரில் இருந்த குள்ளன்.

முதலாளி அவனைப் பார்க்காததுபோல் நெட்டையைக் காட்டினார். "இவனுக்கு இனிமே இங்க வேலை இல்லை. எல்லா பிலிமையும் இன்னிக்கே உரிக்கணும்." பிறகு குரலைத் தழைத்து அக்காவிடம், "ஏம்மா, டிரைவருங்க இஷ்டத்துக்கு ஒட்டினதாலதான் இப்படி ஆச்சுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. ஆஸ்பத்திரிச் செலவு என்னுது."

"போடலேன்னா?"

"அப்போ அது உங்களுக்குள்ள சண்டை. நடுவுல நான் எதுக்கு? மத்தியானத்துக்குள்ள சொல்லு."

கார்க் கண்ணாடி மேலே ஏறியது. அதுவும் கறுப்புதான். உள்ளிருந்து எங்களைப் பார்க்கிறாரா, இல்லையா என்று தெரியவில்லை.

"இவரு பின்னால எடுக்கறப்போ சுத்தியல் தட்ட யாரு இருக்காங்களோ" என்றான் குள்ளன். யாரும் சிரிக்கவில்லை.

நெட்டை பீப்பாயிலிருந்து இறங்கினான். "போட்டுடுங்க அக்கா. அண்ணன் கால் முக்கியம். நான் எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கறேன்."

"நீ வாயைத் திறக்காதே." விபத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. "உன்மேல எனக்கு இருக்கற ஆத்திரம் இன்னிக்கு நாளைக்கு ஆறாது. கால் தேறுமான்னு டாக்டரே முழிக்கிறார். ஆனா அந்த மனுஷன் வலியில புரண்டுக்கிட்டே என்ன சொல்றாரு தெரியுமா? பின்னாடி மட்டும் உரிக்கச் சொல்லு, பக்கத்துல இருக்கறது இருக்கட்டும், பசங்க வெந்துடுவாங்கன்னு."

நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க. பின்னாடி ஒட்டினது நம்ம தப்புன்னு முதல்ல எழுதுங்க."

"நம்ம தப்பை நாமளே எழுதறதா அக்கா? அதையே பிடிச்சுக்குவாரே" என்றான் குள்ளன்.

"அவர் பாதி உண்மைக்குக் கையெழுத்துக் கேக்கறாரு. நாம முழுசா எழுதுவோம். ஏன் ஒட்டினோம்னும் எழுதுங்க. பாதிக்கு நான் போட்டா, நாளைக்கு இந்த வாளியில புருஷன் கால் நசுங்கின வேற ஒருத்தி உக்காருவா."

தொழிலாளர் அதிகாரிக்கு எழுதினேன். எங்கள் தவறு முதலில். ஏசியைச் சீராக்க வேண்டும், வைத்தியத்தை முதலாளி ஏற்க வேண்டும், யாரையும் நீக்கக் கூடாது, அதுவரை டிராக்டர் நகராது என்பது அடுத்து. முதல் கையெழுத்து அக்காவுடையது. ஓட்டுநர்கள் சாவிகளைக் கொண்டுவந்து என் அறையின் சாவிப் பலகையில் மாட்டினார்கள். விதை நிரப்பும் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பெயரெழுதினார்கள். முதலாளி வேறு ஆட்களைக் கொண்டுவரலாம், போலீஸையே கொண்டுவரலாம். ஆஸ்பத்திரியில் பணம் கேட்டால் இன்று என்ன சொல்வது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

இதற்குள் நெட்டை தன் டிராக்டரின் பின்கண்ணாடியை நகத்தால் சுரண்டி உரித்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் கேபினுக்குள் பாய்ந்தது.

மனுவை வைத்த உறையை ஒட்டப் பசை தேடினேன். வெக்கையில் கல்லாகி இருந்தது. அக்கா எழுந்துபோய் நெட்டையிடம் கையை நீட்டினாள். அவன் உரித்த பிலிமிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தான். அவள் அதை உறையின் வாய்மேல் வைத்து, குமிழ் இல்லாமல் கட்டைவிரலால் நீவினாள்.

"வழியில எங்கயும் நிக்காதீங்க" என்று என்னிடம் தந்தாள்.

சைக்கிளை மிதித்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சினும் உறுமவில்லை.